ஒன்பதரை மணிக்குப் போட்ட மை

காலை ஒன்பது இருபத்தைந்து. பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் வாசலில் நின்றேன். முதலில் கண்ணில் பட்டது, கடைசி பெஞ்சில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை. வயது ஒன்றரை இருக்கும். இரண்டு காலிலும் கொலுசு. ஒரு கொலுசில் திருகாணி இல்லை. கறுப்பு நூலால் கட்டியிருந்தது. அடுத்துக் கண்ணில் பட்டவை காலி பெஞ்சுகள். பதிவேட்டில் நாற்பத்தெட்டுப் பெயர்கள். எதிரே இருந்தவை இருபத்தாறு தலைகள், குழந்தையையும் சேர்த்தால் இருபத்தேழு.

ஆசிரியராக அது என் முதல் நாள். ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசி போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கிராமத்தின் அரசு உயர்நிலைப் பள்ளி. நான் அறிவியல் ஆசிரியர்.

அந்த நாளை இப்போது எழுதக் காரணம் அபிராமி டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு அதே பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். காலை வகுப்பு நேரம். பணியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன அந்த ஆசிரியை, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கைப்பேசியை ஆட்டிக்கொண்டிருந்தார். வருகைப் பதிவை இப்போது செயலியில் ஏற்ற வேண்டும். அந்தக் கட்டடத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த ஜன்னலுக்கு வெளியே அரை முழத்தில் இருந்தது.

“பத்து மணிக்குள்ள ஏத்தலைன்னா கேள்வி மேல கேள்வி வருது சார். உங்க காலத்துல நோட்டுல கோடு போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பீக” என்றார்.

“நிம்மதியாத்தான் இருந்தேன். அதுதான் தப்பாப் போச்சு” என்றேன். என்ன தப்பு என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை. பள்ளி மலருக்கு எழுதித் தாருங்கள் என்றார்.

ஆசிரியர் ஆவதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் இரண்டு வருடம் பிழை திருத்துநராக இருந்தேன். பி.எட். படிப்பைப் பற்றி ஒரு வரி போதும்: நாற்பது வண்ண விளக்கப்படங்கள் வரைந்தேன், பிறகு ஒன்றையும் ஆணியில் மாட்ட நேரவில்லை. என்னை உருவாக்கியது நாளிதழ்தான். அங்கே பக்கம் மூடும் நேரம் என்றால் மூடும் நேரம். அதன் பிறகு எந்தச் செய்தியும் உள்ளே வராது. தினமும் வானிலைப் பெட்டியைத் திருத்தும் வேலையும் என்னுடையது. அதனால் எந்தத் தாளில் தேதி எழுதினாலும் பக்கத்திலேயே ‘வெயில்’, ‘மேகம்’, ‘காலையில் மழை’ என்று எழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. என் பாடக்குறிப்பு ஏட்டிலும் அப்படியே எழுதிவந்தேன்.

முதல் நாள் அந்த வகுப்பில் இரண்டு காரியங்கள் செய்தேன். முதலில், குழந்தை யாருடையது என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் பாண்டிச்செல்வி. நெற்றியில் விபூதி, எண்ணெய் வழியச் சீவிய இரட்டைப் பின்னல்.

“என் தங்கச்சி சார். தூங்கிட்டுத்தான் இருக்கு. முழிச்சாலும் உங்களை ஒண்ணும் கேக்காது.”

வகுப்பு சிரித்தது. புதிதாக வந்த ஆசிரியனுக்கு முதல் சிரிப்பு எதற்காக எழுகிறது என்பது முக்கியம். எனக்கு அது என்னைப் பார்த்துச் சிரித்ததாகப் பட்டது.

“இது பள்ளிக்கூடம். நாளையில இருந்து குழந்தையை இங்க கொண்டுவரக் கூடாது” என்றேன்.

“சரி சார்” என்று உட்கார்ந்தாள்.

அடுத்து, ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். வந்தவர்களுக்கு நீல மையில் சாய்கோடு, வராதவர்களுக்குச் சிவப்பு மையில் ‘ஏ’. போட்டு முடித்து ஏட்டை மூடினேன். மற்ற ஆசிரியர்கள் அப்படிச் செய்யவில்லை என்பதை அன்றே கவனித்தேன். வராத பிள்ளையின் கட்டத்தில் அவர்கள் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் புள்ளியின் மேல் சாய்கோடோ ‘ஏ’யோ மையில் ஏறியது. அது சோம்பேறித்தனம் என்று நானாக முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

முதல் இரண்டு மாதம் நான் பட்ட பாட்டில் பெரிய துயரம் எதுவும் இல்லை. சின்னச் சின்ன எரிச்சல்கள்தான், ஆனால் தினமும். சாக்பீஸ் கரும்பலகையைத் தொட்ட உடன் இரண்டாக உடையும். ஆய்வகம் என்பது பூட்டிய ஒரு மரப்பெட்டி. சாவி எங்கே என்று தெரிய மூன்று வாரம் ஆனது. திறந்தால் ஒரு விளிம்பு உடைந்த கண்ணாடிக் குடுவையும் ஒரு பல்லி முட்டையும் இருந்தன. மாடுகளைத் தவிர அந்த ஊரில் இருந்த எல்லாவற்றையும் கணக்கெடுக்கும் பொறுப்பு ஆசிரியர்களிடம் இருந்தது. புதியவன் என்பதால் எனக்குக் கடைசித் தெரு. மூன்றாம் பாடவேளைக்குள் தொண்டை கட்டிவிடும்.

தலைமையாசிரியை சண்முகத்தாய் டீச்சர் யாரையும் கூப்பிட்டுப் பேச மாட்டார். சீட்டு அனுப்புவார். சிவகாசி அச்சகங்களில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களைக் கட்டுக் கட்டாக வாங்கி, நான்காக வெட்டி, வெள்ளைப் பின்பக்கத்தில் பச்சை மையில் எழுதுவார். முதல் மாதம் எனக்கு வந்த சீட்டு இது: “சார், குரலைக் குறைக்கவும். பக்கத்து அறையில் எட்டாம் வகுப்பு உங்கள் பாடத்தையும் சேர்த்துக் கேட்கிறது.” திருப்பிப் பார்த்தேன். ஒரு முருகனின் இடது பாதியும் மயிலின் முழு வாலும் இருந்தன.

வகுப்பில் என்னைப் பெரிதாகக் கவிழ்த்தது ‘எரிதல்’ பாடம். விருதுநகரில் இருந்து சொந்தச் செலவில் மெக்னீசியம் நாடா வாங்கி வந்தேன். பி.எட். வகுப்பில் இதைக் கொளுத்தியபோது நாங்கள் எல்லாரும் கை தட்டியிருந்தோம். இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். வெள்ளையாகப் பளீர் என்று எரிந்து அணைந்தது. வகுப்பு அமைதியாக இருந்தது. வியப்பில் அல்ல. மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தார்கள்.

“அம்புட்டுத்தானா சார்?” என்றது முன் பெஞ்ச்.

பாண்டிச்செல்வி கை தூக்கினாள். “சார், இதுக்கூட பேரியம் சேர்ந்தா பச்சையா எரியும். ஸ்ட்ரான்சியம்னா செவப்பு. எங்கம்மா சொல்லும்.” அவளுடைய அம்மா குருவம்மாள் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்த வேதியியலில் பாதி அந்த வகுப்புக்கு வீட்டுப் பேச்சு. அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்து, மீண்டும் பிழை திருத்தப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

பாண்டிச்செல்வி நேரத்துக்கு வருவது அபூர்வம். பத்தேகாலுக்கு வாசலில் நின்று, மூச்சு வாங்க, “உள்ள வரலாமா சார்?” என்பாள். வா என்பேன். பதிவேடு மூடியாகிவிட்டது என்பதை அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காலைக் கட்டத்தில் சிவப்பு ‘ஏ’. மதியக் கட்டத்தில் நீலக் கோடு. மாதக் கடைசியில் ஏடு தலைமையாசிரியையிடம் போகும், கையெழுத்தோடு திரும்பி வரும்.

ஐப்பசியில் முதல் மழை வந்தது. விடியும்போது பிடித்த மழை ஒன்பது மணிக்கும் விடவில்லை. என் ஊரில், என் பள்ளி நாட்களில், மழை என்றால் வகுப்பில் கால்வாசிப் பேர்தான் இருப்போம். அதனால் அன்று பாடம் எதுவும் தயாரிக்கவில்லை. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனேன்.

நாற்பத்தெட்டுப் பேரும் இருந்தார்கள்.

எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். தலை ஈரம், கால் சேறு, கையில் புத்தகம். பாண்டிச்செல்வி முதல் ஆளாக வந்து ஜன்னல் பெஞ்சைப் பிடித்திருந்தாள். நான் பணியில் சேர்ந்த பிறகு அந்தப் பதிவேட்டில் ஒரு சிவப்பு எழுத்தும் விழாத முதல் காலை அது. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது, கணக்கு ஆசிரியர் பொன்னுச்சாமி சார் வாசலில் குடையை உதறினார். என்னைவிட இருபது வயது மூத்தவர், அந்தப் பள்ளியிலேயே ஊறியவர்.

“தம்பி, இந்தப் பீரியடை எனக்குக் குடுக்கீகளா? வெயில் நாள்ல ரெண்டு பீரியடாத் திருப்பித் தாரேன்.”

ஒன்றுக்கு இரண்டு. கையில் பாடமும் இல்லை. மகிழ்ச்சியாகக் கொடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். அங்கே இருந்தவர்களிடம் சொன்னதும் அறை முழுவதும் சிரிப்பு. தமிழ் ஆசிரியர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்குவதற்குள் சீட்டு வந்தது: “சார், மழைக்கு எந்தப் பாடம் எடுத்து வைத்திருக்கிறீர்கள்?”

நேரில் போய்க் கேட்டேன். சண்முகத்தாய் டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றினால் பேசலாம் என்று பொருள்; மூடியை மாட்டினால் பேச்சு முடிந்தது என்று பொருள். அன்று கழற்றினார்.

“மழை பேஞ்சா கம்பெனியில எதையும் காயப்போட முடியாது சார். ஆள் ஏத்துற கம்பெனி வண்டி வராது. தாய்மாரு வீட்ல இருப்பாக. தாய் வீட்ல இருந்தா பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கும். வெயில் அடிச்சா தாய் வண்டியில போயிரும், வீட்டைப் பிள்ளை பாக்கணும். இந்தப் பக்கம் கஷ்டமான பாடத்தையெல்லாம் மழைக்குன்னு எடுத்து வைப்போம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

“இல்லை டீச்சர்.”

“எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சிட்டோம்” என்று மூடியை மாட்டினார்.

அதற்குப் பிறகு நானும் வானத்தைப் பார்க்கும் ஆசிரியன் ஆனேன். அந்தப் பள்ளியில் மேகம் கறுத்தால் விளையாட்டு ஆசிரியர் தன் பாடவேளையைக் காப்பாற்ற ஒளிந்துகொள்வார். பொன்னுச்சாமி சார் பையில் வடிவியல் பெட்டி எப்போதும் தயாராக இருக்கும். நான் ஓம் விதியையும் அமிலம், காரத்தையும் மழைக்கு ஒதுக்கினேன். ஒருநாள் நல்ல மழை. அன்று பார்த்து மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று வானொலி சொல்லிவிட்டது. “பிள்ளைக வர்ற ஒரே நாளையும் புடுங்கிட்டானுக” என்று பொன்னுச்சாமி சார் ஒரு வாரம் புலம்பினார்.

பதிவேட்டில் மட்டும் நான் மாறவில்லை. வெயில் நாளில் ஒன்பதரைக்கு மை. வராதது வராததுதான் என்று இருந்தேன்.

தை மாதம் பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலோடு வருகைக் கணக்கும் போக வேண்டும். சீட்டு வந்தது: “நான்காம் பாடவேளையில் வரவும். பதிவேட்டுடன்.” போனேன். அவர் மேசையில் என் வகுப்பின் எட்டு மாதக் கூட்டலும் தயாராக இருந்தது. தேர்வு எழுதத் தேவையான வருகையின் விளிம்பில் நின்றவர்கள் ஏழு பேர். விளிம்பைத் தாண்டி விழுந்தவள் ஒருத்தி. பாண்டிச்செல்விக்குப் பத்தொன்பது நாள் குறைவு. அந்தக் குறைவோடு போனால் நுழைவுச்சீட்டு வராது.

“இந்தப் பிள்ளை எப்படிச் சார் படிக்குது?”

“நல்லாப் படிப்பா டீச்சர். அரையாண்டுல அறிவியல்ல அவதான் முதல்.”

“முதல் மார்க் வாங்குற பிள்ளை ஏன் தினமும் லேட்டு?”

நான் பதிவேட்டின் பக்கங்களைத் திருப்பினேன்.

“கேட்டீகளா?”

“இல்லை.”

“எட்டு மாசமாக் கேக்கலை.” அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பியூனை அனுப்பி அவளைக் கூப்பிட்டார்.

பாண்டிச்செல்வி வந்து நின்றாள். என்ன விஷயம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. பாவாடையின் மடிப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏன் தாமதமாக வருகிறாய் என்று நான்தான் கேட்டேன்.

“நீங்கதான சார் பாப்பாவைக் கொண்டாரக் கூடாதுன்னீக.”

சொன்னதில் புகார் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

“அம்மா வண்டி ஆறு மணிக்கு வந்துரும். அப்பாவுக்கு மில்லுல நைட் ஷிப்டு. ஒம்பதே முக்காலுக்குத்தான் வருவாக. பாப்பாவை அவுக கையில குடுத்துட்டு ஓடியாந்தா பத்தேகால் ஆயிருது சார்.”

“முன்னால இருந்த சார் என்ன செஞ்சாரு?” என்றார் தலைமையாசிரியை.

“பாப்பா கூட வருவேன் டீச்சர். பெல் அடிக்கு முன்னாடியே வந்துருவேன்.”

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டார். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட சிவப்பு எழுத்துகள், எல்லாம் என் கையெழுத்து, ஒன்றுகூடக் கட்டத்தைத் தாண்டாமல் அழகாக இருந்தன.

“இதையெல்லாம் திருத்திடலாமா டீச்சர்?”

“ஒரு திருத்தம்னா பக்கத்துல நான் கையெழுத்துப் போடலாம். நூறு திருத்தம்னா பதிவேடே பொய்யாயிரும். மை போட்டது போட்டதுதான்.”

பொன்னுச்சாமி சார் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தவர், நின்று கேட்டுவிட்டு வழி சொன்னார். “இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை? மஞ்சக்காமாலைன்னு ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வச்சு விலக்கு கேட்டா முடிஞ்சது. எத்தனை பள்ளிக்கூடத்துல செய்றாக!”

“நல்லா இருக்கிற பிள்ளைக்கு நாம எதுக்கு சார் காமாலை குடுக்கணும்?” என்றார் சண்முகத்தாய் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். “விலக்குத்தான் கேக்கப் போறோம். ஆனா காரணம் உள்ளது உள்ளபடி இருக்கணும். நீங்க எழுதுங்க. பேப்பர்ல வேலை பாத்தவருதான?”

எழுதினேன். மூன்று பத்திகள். முதல் பத்தியில் தாயின் வேலை, தகப்பனின் வேலை, இரண்டுக்கும் இடையே மூன்றே முக்கால் மணி நேரம் ஒரு குழந்தையைப் பார்க்க அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள். இரண்டாம் பத்தியில், என் பாடக்குறிப்பு ஏட்டின் வானிலையையும் வருகைப் பதிவேட்டையும் நாள்வாரியாகச் சேர்த்து வைத்த அட்டவணை: காலையில் மழை பெய்த பள்ளி நாட்கள் இருபத்திரண்டு; இருபத்திரண்டிலும் அவள் நேரத்துக்கு வந்திருந்தாள். மழை இல்லாமலும் நேரத்துக்கு வந்த நாட்கள் கொஞ்சம் இருந்தன. விசாரித்ததில், குழந்தையோடு வந்த அந்த முதல் நாளைத் தவிர, அன்றெல்லாம் தகப்பனுக்கு மில் விடுமுறை. மூன்றாம் பத்தி எழுத ஒரு மாலை முழுவதும் ஆனது. ‘மாணவி தாமதமாக வந்ததற்கு உடனடிக் காரணம், குழந்தையுடன் வகுப்புக்கு வருவதை வகுப்பாசிரியரான நான் தடை செய்தது. அவர் பத்தேகால் மணிக்கு வந்து மீதிக் காலை முழுதும் வகுப்பில் இருந்த நாட்களிலும் நான் அவரை வராதவராகக் குறித்தேன்.’

நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். பணி நிரந்தரம் ஆகவில்லை. தலைமையாசிரியை படித்தார். என் கையெழுத்துக்குக் கீழே பச்சை மையில் ஒரு வரி சேர்த்தார்: ‘இப்பதிவேட்டை மாதந்தோறும் பார்வையிட்டுக் கையெழுத்திட்டவள் நான்.’

“டீச்சர், இது எதுக்கு?”

“எனக்கும் கண்ணு இருந்துச்சுல்ல” என்று மூடியை மாட்டினார்.

விருதுநகரில் இருந்த கல்வி அலுவலகத்துக்கு நாங்கள் மூன்று பேர் போனோம்: தலைமையாசிரியை, நான், கம்பெனியில் ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த குருவம்மாள். அவர் இடுப்பில் குழந்தை. பாண்டிச்செல்வியைக் கூட்டிப்போகவில்லை. அன்றைக்கும் ஒரு ‘ஏ’ விழுந்துவிடக் கூடாது என்று பொன்னுச்சாமி சார் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் நகர்ந்தார்.

பேருந்தில் குருவம்மாள் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். விரல் நுனிகளில் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது. நான் மன்னிப்பு மாதிரி ஏதோ தொடங்கினேன்.

“விடுங்க சார். வகுப்புல பிள்ளை அழுதா உங்களுக்கும் தொந்தரவுதான. ஆனா ஒண்ணு, அன்னைக்கே என்னைக் கூப்புட்டு ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா நான் விவரம் சொல்லியிருப்பேன். நீங்க நல்லவரா இருந்துட்டீக” என்று சிரித்தார். முன் இருக்கையில் இருந்த தலைமையாசிரியையின் தோள் குலுங்கியது.

அலுவலர் ஐம்பதைத் தாண்டியவர். அட்டவணையை முதலில் படித்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

“மழையில மட்டும் எப்படிச் சரியா வருது?”

சொன்னேன். அவர் குருவம்மாளைப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் லேட்டாப் போகக் கூடாதாம்மா?”

“வண்டி வந்து ஆரன் அடிக்கும் சார். ரெண்டாவது ஆரனுக்கு நிக்காது. வெயில் ஏறு முன்ன முடிக்க வேண்டிய வேலைக இருக்கு அங்கன.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். “பிள்ளை எளுதி பெயிலாப் போச்சுன்னா நான் யாரையும் கேக்க மாட்டேன் சார். எளுதவே விடலைன்னா எப்படி?”

அலுவலர் மூன்றாம் பத்திக்கு வந்தார். இரண்டு முறை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தகுதிகாண் பருவத்துல இருக்கீங்கதானே?”

“ஆமா சார்.”

“இது உங்க பைலுக்கும் போகும். உங்க நல்லதுக்குத்தான் கேக்கேன். இந்தப் பத்தி இல்லாம வேற எழுதித் தாரீங்களா?”

பக்கத்தில் தலைமையாசிரியையின் கையில் பேனா இருந்தது. மூடி கழற்றியே இருந்தது.

“அந்தப் பத்திதான் சார் காரணம். மத்த ரெண்டும் விவரம்” என்றேன்.

அலுவலர் மேசையைப் பார்த்தார். அந்த நேரம் குழந்தை குனிந்து, திறந்திருந்த முத்திரை மைப்பெட்டியில் ஐந்து விரலையும் அழுத்தி எடுத்தது. குருவம்மாள் பதறிப் பிடிப்பதற்குள் அட்டவணையின் மேல், கார்த்திகை மாத மழை நாட்களுக்குப் பக்கத்தில், ஊதா நிறத்தில் ஒரு சின்னக் கை பதிந்தது.

“புதுசா எழுதித் தந்துர்றேன் சார்” என்று எழுந்தேன்.

“வேண்டாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டிருச்சு” என்றார் அலுவலர். விலக்கு ஆணையில் கையெழுத்துப் போட்டார். என் பைலில் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. பல வருடம் கழித்து வேறு ஒரு வேலைக்காக அந்தப் பைலைப் பார்க்க நேர்ந்தது. ‘கவனமாக எழுதுகிறார்; இனிக் கேட்டு எழுதவும்’ என்று இருந்தது.

மறுநாள் வெயில். காலை ஒன்பது பத்துக்குப் பாண்டிச்செல்வி குழந்தையோடு வகுப்பில் இருந்தாள். நான் ஒரு பென்சில் வாங்கினேன். குழந்தை வந்ததில் எனக்குக் கிடைத்த லாபத்தையும் சொல்ல வேண்டும். அது தூங்கும்போது எழுப்பிவிடக் கூடாது என்று வகுப்பில் இருந்த எல்லாரும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவர்கள் கத்தாததால் நானும் கத்தவில்லை. எட்டாம் வகுப்பு நிம்மதி அடைந்ததாகப் பச்சை மையில் சீட்டு வந்தது. குழந்தை முதன்முதலில் தெளிவாகப் பேசிய சொல் ‘சார்’ என்று வகுப்பு சத்தியம் செய்தது. பொன்னுச்சாமி சார் அது தன்னைத்தான் சொன்னது என்றார்.

தேர்வு நடந்த நாட்களில் குழந்தையைத் தகப்பன் பார்த்துக்கொண்டார். அந்த நாட்களுக்கு மட்டும் நைட் ஷிப்டைச் சக தொழிலாளியிடம் மாற்றி, காலையில் வீட்டில் இருந்தார் என்றும், பிறகு அதற்கு ஈடாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனார் என்றும் பாண்டிச்செல்வி சொன்னாள். அவள் எல்லாப் பாடத்திலும் தேறினாள். அறிவியலில் எழுபத்து நான்கு.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்போடு சரி. ஆனி மாதம் அவள் சிவகாசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே முதல் மணி எட்டே முக்காலுக்கு அடிக்கும். குழந்தையை ஊர்ப் பால்வாடியில் சேர்த்தார்கள். பால்வாடி ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்; அதுவரை குழந்தையோடு வீட்டில் ஓர் ஆள் வேண்டும். குருவம்மாள் பட்டாசுக் கம்பெனியை விட்டுவிட்டு, ஊருக்குப் பிரியும் விலக்கில் இருந்த ஓர் அச்சகத்தில் காலண்டரின் மேல் விளிம்பில் தகரத் தகடு அடிக்கும் வேலைக்குப் போனார். அந்த அச்சகத்தில் வேலை ஒன்பதரைக்குத் தொடங்கும்.